மடக்குக் கத்தி: அலகை அப்புறம் பார்க்கலாம், முதலில் கீலைப் பாருங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட்டும் எங்களுக்கு. எந்நேரமும் கையோடு இருக்க ஒரு மடக்குக் கத்தி வேண்டும். பட்டனைத் தட்டினால் பாய்கிற சாமான் வேண்டாம். பழைய மாதிரி, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். அப்பா வைத்திருந்த ஒப்பினெல் 8 ஒன்று இருக்கிறது. மரப்பிடி, கருத்துப்போன அலகு. ஐப்பசி மழை தொடங்கினால் திறக்கவே வராது. கடையில் வாங்கிய இன்னொரு ஸ்பிரிங் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அது இறுகிக்கொண்டது, பலமாக அழுத்தி மடக்கப்போய் ஆள்காட்டி விரலில் இரண்டு தையல். கார்பன் எஃகு நல்லதா, ஸ்டெயின்லெஸ் நல்லதா? பூட்டு வேண்டுமா? கொடைக்கானலில் இருக்கும் தங்கைக்கும் ஒன்று வாங்கித்தர ஆசை. கத்தியைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது என்கிறார் அம்மா.
வாசகி, கோத்தகிரி

பதில்:

தையலிலிருந்தே தொடங்குகிறேன். கத்தி வாங்கப் போகும் எவரும் முதலில் அலகைத்தான் பார்ப்பார்: எவ்வளவு பளபளப்பு, எவ்வளவு நீளம், எந்த ஊர் எஃகு. சமவெளியில் அது போதும். பனிமூட்டமும் தூறலும் மாறிமாறி வரும் உங்கள் ஊரில் மடக்குக் கத்தியைக் கெடுப்பதும் கையை வெட்டுவதும் கீல்தான். உங்களுடைய இரண்டு கத்திகளும் மக்கர் செய்தது அங்கேதான்.

பழைய மாதிரிக் கத்திகளில் பெரும்பாலும், திறந்த அலகு மடங்கிவிடாமல் நிறுத்தும் பூட்டு கிடையாது. முதுகுப்பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அலகின் அடிக்கட்டை அதன்மேல் உரசிக்கொண்டு திரும்பும். முழுக்கத் திறந்திருக்கும்போதும் முழுக்க மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். மூடும்போது கடைசிப் பகுதியில் ஸ்பிரிங்கே அலகைப் பிடித்திழுத்து 'டக்'கென்று உள்ளே தள்ளிவிடும். கீல் சுத்தமாக இருந்தால் அந்த இழுப்பு எங்கே தொடங்கும் என்று கைக்குத் தெரியும். இறுகிய கீலில் தெரியாது. நீங்கள் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பிசின் விட்டுக்கொடுத்த நொடியில் அந்த மொத்தப் பலமும் அலகோடு சேர்ந்து உள்ளே போகும். அங்கே உங்கள் விரல் இருந்திருக்கிறது.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கோத்தகிரியில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காலையில் புட்டியைத் திருப்பினால் எண்ணெய் விழாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புட்டியில் உறைவது கீலிலும் உறையும். வெயிலில் இளகினாலும் சட்டைப்பையின் பஞ்சையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு களிம்பாகிவிடும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் பசையாகும். மருந்துக்கடையில் கேட்டால் லிக்விட் பாரஃபின் கொடுப்பார்கள். நிறமோ வாசனையோ இல்லாத கனிம எண்ணெய் அது. கெட்டுப்போகாது, பழம் நறுக்கும் கத்திக்கும் ஆகும். ஒரு சிறு புட்டி பல வருஷம் வரும். தையல் மெஷின் எண்ணெயும் கீலுக்கு நன்றாக வேலை செய்யும். அந்தக் கத்தியால் பழம் நறுக்காதீர்கள்.

இறுகிய கத்தியை இப்படிச் சரிசெய்யுங்கள். முதலில் ஒரு துணியால் அலகின் முதுகைப் பற்றித் திறந்துகொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பை விட்டு, அதற்குள்ளேயே கத்தியை 20 தடவை பாதிவரை மூடித் திறக்க வேண்டும். கறுப்பாகக் கரைந்து வரும். அதற்கும் இளகவில்லை என்றால், நீலகிரித் தைலம் வீட்டில் இல்லாமல் இருக்காது, கீலில் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். பிசினையும் பழைய எண்ணெயையும் அது நன்றாகக் கரைக்கும். பிளாஸ்டிக் பிடிமேல் மட்டும் படவிடாதீர்கள். சிலவகைப் பிளாஸ்டிக் மங்கி ஒட்டும். பல்குத்தியால் அழுக்கைத் தோண்டி, மறுபடி சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகு அடிக்கட்டை ஸ்பிரிங்கைத் தொடும் இடத்தில் ஒரே ஒரு சொட்டு பாரஃபின். மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வழிகிற கீல் தூசிக்குக் கூப்பாடு போட்டு அழைப்பு வைத்த மாதிரி.

மூடும்போது பிடியை முஷ்டியாக இறுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. விரல் நுனிகள் அலகு வந்து உட்காரும் பள்ளத்தின் வாயில் போய் நிற்கும். பிடியின் இரண்டு பக்கவாட்டையும் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மற்ற விரல்கள் என்று மட்டும் பிடித்து, இன்னொரு கையின் உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளுங்கள். சில கத்திகளில் பாதி வழியில், 90 பாகையில், அலகு ஒரு தடவை நின்று போகும். கை ஈரமாகவும் விறைத்தும் இருக்கும் ஊரில் அந்த ஒரு நிறுத்தம் பெரிய உபகாரம். கடையில் இரண்டு கத்திக்கு நடுவே மனம் ஊசலாடினால் அப்படி நிற்பதையே எடுங்கள்.

இனி எதை வாங்குவது.

'பழைய மாதிரி' என்றால் நம் பக்கத்திலேயே மிகப் பழைய ஒன்று உண்டு. ஓலை வாரும் கத்தியும் எழுத்தாணியும் ஒரே பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி. பேனாக்கத்தி என்ற பெயரும் எழுத்துவேலையோடு ஒட்டியதுதான். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி அது. உங்கள் மலையிலேயே கோத்தர்கள் காலங்காலமாக இரும்படித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் அரிவாளும் கத்தியும் கொடுத்து வந்தவர்கள். ஆனால் அவையெல்லாம் காட்டுக்கும் வயலுக்கும் ஆன கருவிகள், பைக்குள் மடங்குபவை அல்ல. பைக்கு என்று வரும்போது இன்று கிடைப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வார்ப்புகள். அவற்றில் உங்களுக்குப் பொருந்தும் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று உங்களிடமே இருக்கிறது. ஒப்பினெல், பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கியது. உங்களுடையது 8-ஆம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர். கீலில் ஸ்பிரிங் கிடையாது. அலகு மரப்பிளவின் இறுக்கத்தில் நிற்கிறது. 1955 முதல் அதன் கழுத்தில் ஒரு சுழலும் வளையப் பூட்டும் உண்டு. வளையம் 6-ஆம் எண்ணிலிருந்துதான். அதற்குக் கீழுள்ள சின்னவற்றில் இல்லை. வெட்டுவதற்கு இதைவிட நல்ல மெல்லிய அலகு இந்த விலையில் கிடைப்பது அபூர்வம். ஆனால் பிடி பீச் மரம். ஈரத்தைக் குடித்தால் உப்பும், பிளவு நெருங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். ஐப்பசியில் திறக்காததற்கு இதுதான் காரணம். சவாய்க்காரர்களும் மலைக்காரர்கள்தாம், அவர்களுக்கும் இதே தொல்லை. அவர்கள் செய்யும் தந்திரம் என்னவென்றால், பூட்டு விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஓங்கித் தட்டுவது. அலகின் நுனி கொஞ்சம் வெளியே துள்ளும், அதைப் பிடித்துத் திறக்கலாம்.

அது அவசரத்துக்கு. நிரந்தரமாகச் சரிசெய்யப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். மாசி, பங்குனியில் செய்யுங்கள், மழைக்காலத்தில் வேண்டாம். முதலில் கத்தியைத் திறந்து நான்கு நாள் அறைக்குள் நிழலில் உலரவிடுங்கள். குமுட்டி அடுப்பின்மேல் தொங்கவிட்டால் சீக்கிரம் உலரும், சீக்கிரம் வெடிக்கவும் செய்யும். பிறகு அலகின் இரண்டு பக்கத்திலும், கீலை ஒட்டிய பகுதியில், பென்சிலால் கறுக்கத் தேய்த்துவிட்டு நாலைந்து தடவை மூடித் திறங்கள். மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிடிக்கிறது. ஒரு இரும்பு ஸ்கேலில் 120-ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் பத்து இழுப்பு தேயுங்கள், மறுபடி பாருங்கள், மறுபடி பத்து. லேசான இழுவையோடு திறக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். 'வழுக்கிக்கொண்டு வரட்டும்' என்று தேய்த்தால் சித்திரையில் மரம் சுருங்கியதும் அலகு ஆட ஆரம்பிக்கும். போன மரம் திரும்ப வராது.

தேய்த்த மரம் இன்னும் ஆவலாகத் தண்ணீர் குடிக்கும், அதனால் அதை அடைக்க வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயை மெல்லிய தூரிகையால் பிளவுக்குள் தடவி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடையுங்கள். ஒரு நாள் விட்டு மறுபூச்சு, மொத்தம் மூன்று. இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பின் கீல் பக்கத்தில் தேன்மெழுகு தேய்த்தால் போதும். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. இத்தனை செய்தாலும் அடைமழையில் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். ஆகவே அப்பாவின் கத்தி வீட்டுக்கும் மதிய சாப்பாட்டுக் கூடைக்கும் இருக்கட்டும். மழைக்கோட்டுப் பைக்கு வேறு.

அந்த வேறு, என் தேர்வில், விக்டோரினாக்ஸின் அலாக்ஸ் வகை. சிவப்புப் பிடி அல்ல. மேடுபள்ளம் அச்சடித்த வெள்ளி நிற அலுமினியப் பிடி. கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை வைத்து, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்கத் தொடங்கிய பரம்பரையில் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த அதிகாரிக் கத்தி 1897-இல் வந்தது. அலாக்ஸில் கேடட் 84 மில்லிமீட்டர், பயனியர் 93. இவற்றில் உப்ப மரம் இல்லை, பிளாஸ்டிக் இல்லை, ஈரக்கையில் வழுக்காத சொரசொரப்பு இருக்கிறது. கேடட் அழகு, ஆனால் தோட்டத்துக்குப் போகும் கைக்குப் பயனியர்தான் நிற்கும். அதில் துளைபோடும் ஊசி உண்டு, சாக்கில் துளையிட, பெல்ட்டில் ஓட்டை போட உதவும். பயனியர் எக்ஸ் என்பதில் ஊசியோடு கத்தரியும் உண்டு. பூச்சிமருந்துப் பொட்டலங்களை அந்தக் கத்தரியால் வெட்டிவிட்டு, பேரிக்காய்க்கு அலகை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் உங்களுக்கு இதையே சொல்வேன்.

நகத்தால் திறக்க வேண்டிய கத்தி இது. கடையில் காய்ந்த கையோடு திறந்து பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

வேறு சிலவற்றையும் உங்களிடம் யாராவது புகழ்வார்கள். ஜப்பானின் ஹிகோனோகாமி மடித்த தகட்டுப் பிடியோடு பார்க்க மிக லட்சணம். ஆனால் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கும்வரைதான் அலகு நிற்கும். தையல் போட்ட விரலுக்கு அது வேண்டாம். பிரான்ஸில் 1929 முதல் செய்யப்படும் டூக்-டூக்கிலும் மடித்த தகட்டுப் பிடிதான், மரமில்லாததால் உப்பாது. ஆனால் கார்பன் அலகு, மிக விறைத்த ஸ்பிரிங்.

கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா என்ற கேள்விக்கு இவ்வளவு தாமதமாக வருவதே பதில். இந்த விலையில் இரண்டும் போதுமான அளவு வெட்டும். விக்டோரினாக்ஸ் ஸ்டெயின்லெஸ், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56. சீக்கிரம் மழுங்கும், அதே சீக்கிரத்தில் தீட்டவும் வரும். கார்பன் கூர்மை ஒரு பிடி அதிகம் என்பது உண்மை. ஆனால் பிளம்ஸ் நறுக்கித் துடைக்காமல் பையில் போட்டால் மறுநாள் செம்புள்ளி விழும். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்றும் நம்ப வேண்டாம். பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பு. உரமூட்டை பிரித்த அலகைக் கழுவாமல் மூடி வைத்தால் ஸ்டெயின்லெஸ்ஸிலும் குத்துக்குத்தாக அரிப்பு விழும், முதலில் கீலுக்குள். மூட்டைத் தையலை வெட்டவே தேவையில்லை, நூலின் சரியான முனையைப் பிடித்திழுத்தால் மொத்தமும் உருவிவரும்.

அப்பாவின் அலகு கறுத்திருப்பதைத் தேய்த்து வெள்ளையாக்காதீர்கள். செந்நிறம் துரு, அதை எண்ணெயும் மெல்லிய இரும்பு நாரும் வைத்து எடுக்க வேண்டும். கருஞ்சாம்பல் நிறம் காப்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. நீங்கள் தேயிலைக்காரர், இதை உண்டாக்க வெளியே எதுவும் வாங்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் டஸ்ட் தேயிலை போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பானதும் இரண்டு ஸ்பூன் வினிகர் விடுங்கள். அலகைச் சோப்பால் கழுவி, விரல்ரேகை படாமல், கீல் நனையாத ஆழத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பிறகு கழுவி, துடைத்து, ஒரு சொட்டு பாரஃபின். துரு முழுக்க நிற்காது, மெதுவாகும்.

தோல் உறையில் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகுக்கு ஊட்டும்.

கடையில் இன்னும் இரண்டு சோதனை செய்யுங்கள். கத்தியைத் திறந்து நுனியை விரலால் இடவலமாக அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. அடுத்து, பள்ளத்துக்குள் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்து, அலகைத் தானாக 'டக்'கென்று மூடவிட்டுத் திறங்கள். காகிதத்தில் வெட்டு விழுந்திருந்தால் கூர் ஸ்பிரிங்கில் மோதுகிறது. அப்படிப்பட்ட கத்தியை நீங்கள் எத்தனை தடவை தீட்டினாலும் ஒரே இடத்தில் மொண்ணையாகும். அடிக்கட்டையில் உள்ள சின்ன முண்டுதான் அலகு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை அரம் போட்டால் அலகு இன்னும் கீழே இறங்கி மோதல் அதிகமாகும். ஆகவே 'ராவித் தருகிறேன்' என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். வேறு எடுங்கள். போலி விக்டோரினாக்ஸ் நிறைய உலவுகிறது. அலகின் கழுத்தில் பெயர் முத்திரை பொறித்திருக்கிறதா, ஆட்டம் இல்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள்.

தெருவில் சக்கரத்தோடு வருபவரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், இந்த மெல்லிய அலகைக் கொடுக்கக் கூடாது. சுமார் 300 டிகிரியில் எஃகு நீலமாகும். சக்கரத்தின் உராய்வில் நுனி ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். நீலம் பார்த்த இடத்தில் பதம் போய்விட்டது, பிறகு கூர் நிற்காது. இருபக்கக் கார்பரண்டம் கல் ஒன்று வீட்டில் போதும். கல்லை நனைத்து, அலகைப் படுக்கவைத்து, முதுகை மட்டும் 5 மில்லிமீட்டர் தூக்குங்கள். பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பினெல் 8-இன் அலகு அகலத்துக்கு அது 15 பாகைக்குச் சற்று மேல். ஒரே பக்கத்தை, மறுபக்க விளிம்பில் நகத்துக்குப் பிசிறு தட்டுப்படும்வரை தேயுங்கள். பிசிறு வராமல் பக்கம் மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. பிறகு மறுபக்கம், பிறகு நயமான கல்லில் மாற்றி மாற்றிப் பத்து. கடைசியில் பழைய பெல்ட்டின் உட்புறத்தில், கூர் பின்னால் வரும்படி இழுத்து, பதினைந்து தடவை.

பூட்டு வேண்டுமா என்றால், பூட்டில்லாத கத்தியை நெம்பவும் குத்தவும் எடுக்காத வரை தேவையில்லை. கேரட் மண்ணைக் கிளற, டப்பா மூடியைத் தூக்க, கவாத்துக்கு மறந்துபோன கிளையை ஒடிக்க என்று அலகை எடுத்தால் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. கவாத்துக்கு அதற்கென்று உள்ள கத்திதான்.

சட்டத்தில் இந்த அளவுக் கத்திக்கு வீட்டிலும் தோட்டத்திலும் சிக்கல் இல்லை. ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட அலகுகளைப் பற்றி, அதிலும் வீட்டு, விவசாயக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. மலையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும். சரணாலயத்துக்குள் எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு போகக் கூடாது. முதுமலைக்கோ முக்குருத்திக்கோ போகும் நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். தங்கைக்கும் சொல்லுங்கள், கொடைக்கானல் காடுகளில் பெரும்பகுதியும் சரணாலயம்தான். கோவையிலிருந்து விமானம் ஏறினால் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

தங்கைக்கும் ஒரு பயனியர் வாங்குங்கள். பேரிக்காயும் பிளம்ஸும் மலைப்பூண்டும் நறுக்குகிற ஊர், பனியும் உங்கள் ஊரைப்போலத்தான். மரப்பிடி ஆசைப்பட்டாலும் முதல் கத்தியாக வேண்டாம். அம்மாவுடன் வாதாட வேண்டியதில்லை. கத்தியைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வையுங்கள், தங்கை ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும், விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். கூடவே ஒரு புட்டி லிக்விட் பாரஃபினும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவரும் தேங்காய் எண்ணெயைத்தான் தேடுவார்.